பாதியில் நிறுத்திய எஞ்சின்

எங்கள் வீட்டில் என்னைவிட நன்றாகக் குளிப்பாட்டப்படுவது என்னைக் கட்டிய மாப்பிள்ளையின் போட் எஞ்சின்தான். வியாழக்கிழமை கடலால் வந்ததும் அதைக் கழற்றித் தோளில் சுமந்துகொண்டு வருவார். மற்ற நாட்களில் அது கரையிலேயே நிற்கும், விடிந்தால் மறுபடியும் கடல். ஆனால் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை நாள், எங்கள் பகுதியில் போட் இறக்குவதில்லை. வியாழன் பின்னேரம் தொடக்கம் சனி விடியும்வரை உப்புத் தண்ணீர் உள்ளே கிடந்து காய்ந்தால் எஞ்சினுக்குள் இருக்கிற வழியெல்லாம் அடைத்துக்கொள்ளும். அதனால் வியாழன் கழுவலில் மட்டும் அவர் விளையாட்டுக் காட்டமாட்டார்.

முற்றத்தில் மரத் தாங்கியில் எஞ்சினை மாட்டுவார். அதன் அடிப்பாகம் அமிழும்படி பெரிய நீலப் பரலில் குழாய்த் தண்ணீரை நிரப்பி ஸ்டார்ட் பண்ணுவார். எஞ்சின் கீழால் நல்ல தண்ணீரை உறிஞ்சி, உள்ளே சுற்றவிட்டு, பின்பக்கத்துச் சின்ன ஓட்டையால் துப்பும். பத்து நிமிடம் அப்படி ஓட வேண்டும். கடலிலும் அந்த ஓட்டையைத்தான் பார்ப்பார்கள். துப்பினால் சுகம். துப்பாவிட்டால் எஞ்சின் சூடேறி இறுகப்போகிறது என்று அர்த்தம்.

ஸ்டார்ட் பண்ணிவிட்டு அவர் நேரே தொழப் பள்ளிக்குப் போய்விடுவார், குளிப்பும் அங்கேதான். காவல் நான். பத்து நிமிடம் முடிந்ததும் சிவப்புப் பொத்தானை அமத்திவிட்டால் என் வேலை சரி.

அந்த மாதம் மீன் தூரத்தில் நின்றதால் வியாழன்களிலும் பிந்தி வந்தார். எஞ்சின் ஓடத் தொடங்கி இரண்டு மூன்று நிமிடத்தில் பள்ளியில் பின்னேரத் தொழுகைக்கு அஸர் வாங்கு சொல்லத் தொடங்கிவிடுவார்கள். வாங்கு சொல்லும்போது எங்கள் வீட்டில் டிவி வாய் திறக்காது, மிக்ஸி சுற்றாது. முற்றத்தில் இந்த இரும்பு மட்டும் கத்திக்கொண்டு நிற்பதா? பொத்தானை அமத்திவிடுவேன். வாங்கு முடிந்ததும் மறுபடி ஸ்டார்ட் பண்ண வேண்டும். வில்லங்கம் அங்கேதான். கயிற்றை இழுத்து அதை ஸ்டார்ட் பண்ண என் கையில் வலு இல்லை. முதல் வியாழன் இழுத்துப் பார்த்துத் தோள் பிடித்துக்கொண்டு, மூன்று நாள் தைலம் பூசினேன். அவரிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால், "அதுக்கும் ஏலாதா புள்ள?" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பு எனக்கு ஆகாது. எனக்கு ரோசம் கொஞ்சம் கூட.

பள்ளியால் வந்ததும் கேட்பார்.

"பத்து நிமிசமும் ஓடினதா?"

"ஓம்."

நான்கு வியாழன் இந்த ஓம் செல்லுபடியானது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறேன் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கொஞ்ச நேரம் ஓடியதுதானே, போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

நாலாவது வியாழனுக்கு அடுத்த சனிக்கிழமை. மாரி தொடங்குகிற காலம். விடியற்காலை சுபஹ் தொழுதுவிட்டு அவரும் அவருடைய தம்பியும் கடலுக்குப் போனார்கள். அந்த மாதம் அவர்கள் பின்னேரம்தான் திரும்புவார்கள். பத்தரைக்கு என் போன் அடித்தது. அரிசி களைந்த ஈரக் கையோடு எடுத்தேன். அவருடைய குரலுக்கு மேலால் காற்று இரைந்தது.

"புள்ள, எஞ்சின் தண்ணி துப்புதில்ல. நிப்பாட்டிட்டன். வியாழக்கிழம ஒழுங்காக் கழுவினதானே?"

யோசிக்க எனக்கு ஒரு மூச்சு நேரம் இருந்தது. வாய் முந்திக்கொண்டது.

"ஓம் மச்சான்."

"அப்ப உப்பு இல்ல. உள்ளுக்குத் தண்ணி இழுக்கிற பம்புதான் போயிட்டு. இனி இத ஸ்டார்ட் பண்ணக் கூடா, இறுகிரும். உன்ட காக்காக்கிட்டச் சொல்லு, நாங்க நிக்கிற..."

பேச்சு அறுந்துவிட்டது. திருப்பி எடுத்தேன். அவருடைய போன் வேலை செய்யவில்லை. நனைந்ததோ, சார்ஜ் இறங்கியதோ தெரியாது. பத்துத் தடவை, இருபது தடவை எடுத்தேன். எடுக்க எடுக்கத்தான் நான் சொன்னது என்னவென்று எனக்கே விளங்கியது. பம்பு என்று நினைத்து அவர் ஓட்டையைப் பார்க்காமல், எஞ்சினையும் ஸ்டார்ட் பண்ணாமல் இருக்கப்போகிறார். எஞ்சின் ஓடாத போட்டை நீரோட்டம் தெற்கே திருக்கோவில் ஊர்ப் பக்கம் இழுத்துக்கொண்டு போகும், பிறகு வெளியே. "யா அல்லாஹ், அவர் வந்து என்னை அடித்தாலும் பரவாயில்லை, வந்தால் போதும்" என்று வாய்விட்டுச் சொன்னேன். அவர் ஒருநாளும் என்னை அடித்ததில்லை. பயத்தில் அப்படித்தான் பேரம் பேச வந்தது.

காக்கா என் அண்ணன், அவரும் மீன்பிடிகாரன்தான். அன்றைக்குக் கரையில் வலை பார்த்துக்கொண்டிருந்தார். கடற்கரை வரைக்கும் ஓடினேன். ஒரு கால் செருப்பு எங்கே கழன்றது என்று இன்றுவரை தெரியாது.

"என்னகா, இஞ்ச என்ன செய்யிறாய்?"

"அவங்கட எஞ்சின் நிண்டிட்டு காக்கா. பம்பு போயிட்டாம்."

அப்போதும் அவ்வளவுதான் சொன்னேன். சுற்றிவரப் பத்துப் பன்னிரண்டு ஆம்பிளைகள் நின்றார்கள்.

"எந்த இடமெண்டு சொன்னாரா?"

"சொல்ல முந்திப் போன் நிண்டிட்டு."

காக்கா கடலைப் பார்த்தார். அவர் முகம் மாறியதைக் கண்டேன். "வாடைக் காத்து வேற அடிக்குது," என்று தனக்குள் சொல்லிக்கொண்டு ஆட்களைக் கூப்பிட்டார். போட்டைத் தள்ளினார்கள். அது தண்ணீரில் மிதந்து, காக்கா ஏறிக் கயிற்றைப் பிடித்தபோதுதான் எனக்குள் ஏதோ உடைந்தது. உடுப்போடு முழங்கால் ஆழத்துக்கு இறங்கிக் கத்தினேன்.

"காக்கா! பம்பு இல்ல! நான் பாதியில நிப்பாட்டிட்டுப் பொய் சொன்னன்! நாலு கிழமையா! அந்த ஓட்டையப் பாக்கச் சொல்லுங்க!"

காக்கா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கயிற்றை இழுத்தார்.

அதற்குப் பிறகு காத்திருப்பு. நான் மணலில் குந்தினேன். மதியத் தொழுகைக்கு லுஹர் வாங்கு சொன்னார்கள். தொழவும் எழும்பவில்லை. தெற்கே பார்த்துப் பார்த்துக் கண் எரிந்தது. ஒவ்வொரு அலையும் போட் மாதிரித் தெரிந்தது. அந்த நான்கு மணித்தியாலத்தில் எனக்கு வந்த நினைப்புகளை எழுத மாட்டேன். ஒன்றை மட்டும் சொல்கிறேன். கணவனை இழந்தவள் இருக்கிற இத்தாவில் வெள்ளைச் சேலையோடு நான் அறைக்குள் இருப்பதையும், வந்து போகிற பெண்கள் என்னைப் பற்றிக் குசுகுசுப்பதையும் கண்ணால் கண்டேன்.

மூன்று மணியளவில் இரண்டு போட் வந்தன. ஒன்றை ஒன்று கட்டி இழுத்து வரவில்லை. இரண்டும் தனித்தனியாகத் தம் எஞ்சினில் ஓடி வந்தன. சந்தோசத்தில் எழுந்து நின்றேன். கட்டி இழுக்கவில்லை என்றால் எஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது அதற்குப் பிறகுதான் மண்டையில் ஏறியது. அப்படியென்றால் அத்தனைக்கும் காரணம் என் ஓம் மட்டும்தான்.

அவர் இறங்கி வந்தார். உதடு வெடித்திருந்தது. தம்பி போட்டுக்குள் சுருண்டு கிடந்தார், வயிறு புரட்டிச் சத்தி எடுத்து எடுத்துக் களைத்துப்போய். காக்கா நீரோட்டத்தோடு தேடிக் கிட்டப் போய் விசயத்தைச் சொன்னதும் இவர் ஒரு தூண்டில் முள்ளை நிமிர்த்தி ஓட்டைக்குள் குத்தினாராம். வெள்ளைக் கட்டியாக உப்பு விழுந்து, உடனே தண்ணீர் துப்பியதாம். ஒரு முள்ளின் வேலை.

அவர் ஏசவில்லை. மணலில் என் முன்னால் குந்தி, களைத்த குரலில் நடந்ததை நடந்தபடி சொன்னார்.

"பம்பு மூடியக் கழட்டப் பாத்தன், ஏலாமப் போச்சு. தண்ணி உறிஞ்சிற இடத்தில பை சுத்தியிருக்கா எண்டு கடல்ல குதிச்சும் பாத்தன். அந்த ஓட்டைய மட்டும் தொடல்ல. நீ ஓம் எண்டு சொன்னதானே புள்ள."

இப்போது அவர் அஸர் தொழுதுவிட்டு வந்துதான் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணுகிறார். காவல் இன்னும் நான்தான். மணிக்கூட்டைப் பார்த்தபடி பத்து நிமிடமும் பக்கத்தில் நிற்கிறேன். நிறுத்தியதும் அவர் வந்து, ஒரு கம்பியை எடுத்து ஓட்டைக்குள் விட்டுப் பார்த்துவிட்டு உள்ளே போகிறார். பத்து நிமிடமும் ஓடினதா என்று அன்றைக்குப் பிறகு ஒரு வியாழனும் அவர் என்னிடம் கேட்டதில்லை.