புகை புகாத அறை

கண்ணாடிக்காரருக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம். இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே கலைந்துபோயின. மூன்றாவது தங்கி எட்டாம் மாதம் தொட்டபோதுதான் மலைக்காடு பற்றிக்கொண்டது. எரிந்தது எங்கேயோ, புகை மட்டும் ஊருக்குள் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. கொடியில் காயப்போட்ட துணியெல்லாம் சாம்பல். "இந்தப் புகை மாசமா இருக்கறவங்களுக்கு ஆகாது, எடை குறையலாம், நாளுக்கு முன்னாடியே பொறந்துடலாம்" என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள்.

மனுஷன் சும்மா இருப்பாரா? ஊரில் பாதி வீட்டு ஜன்னலுக்குக் கண்ணாடி போட்ட கை. பசைக் குழாயை எடுத்துப் படுக்கையறை ஜன்னல் மூன்றையும் இண்டு இடுக்கு விடாமல் அடைத்தார். கதவடியில் ரப்பர் பட்டை ஒட்டினார்.

"இனி எறும்பு வரணும்னாலும் என்னைக் கேட்டுட்டுத்தான் வரணும்" என்று மனைவியிடம் பீற்றிக்கொண்டார்.

எறும்பு வரவில்லை. ஆனால் ஏற்கெனவே உள்ளே இருந்த கொசுக்கள் வெளியே போக வழியில்லாமல் அவளைப் பிடுங்கித் தின்றன. அதற்காகக் கொசுவர்த்திச் சுருளைக் கொளுத்திக் கட்டிலடியில் வைத்தார்.

மறுநாள் மத்தியானம் அவளுக்குத் தலை கிர்ரென்று சுற்றியது. "காலையிலேருந்து உள்ள அசைவே தெரியலைங்க" என்றாள்.

அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அடுத்த தெரு நர்ஸைக் கூட்டிவர ஓடினார். நர்ஸ் வேறு யாருமில்லை, மனைவியின் பெரியம்மாவுக்கு மூத்த மகள்தான்.

உள்ளே கால் வைத்ததுமே நர்ஸ் மூக்கைப் பொத்திக்கொண்டாள். "ஏன் மாப்பிள்ளை, காட்டுப்புகைய வாசல்ல நிறுத்திட்டு, உள்ள தனியா ஒரு காட்டைக் கொளுத்தி வச்சிருக்கீங்களா?"

"கொசு, அண்ணி..."

"கொசுவை உள்ள வச்சுப் பூட்டுன மகராசன் நீங்க ஒருத்தர்தான்! சுருள்ல வர்றது மட்டும் பன்னீரா?"

தங்கையைக் கூடத்துக்குக் கூட்டிவந்து, தண்ணீர் கொடுத்து, ஒருக்களித்துப் படுக்கவைத்து, பிள்ளையின் இதயத் துடிப்பைக் கேட்கிற கருவியை வயிற்றில் வைத்தாள். ஒரு சத்தமும் இல்லை. கொஞ்சம் நகர்த்தினாள். அப்போதும் இல்லை. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். இன்னும் கீழே இறக்கியதும் குதிரை ஓடுகிற மாதிரி தடதடவென்று கேட்டது.

"தூங்கிட்டு இருந்திருக்கு, கள்ளப் பிள்ளை" என்றாள் நர்ஸ். அப்படியும் விடாமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்ப் பார்த்த பிறகுதான் அனுப்பினாள்.

அன்றைக்கே அவர் தான் பூசிய பசையைத் தானே கத்தியால் சுரண்டினார். கொசுவலை கட்டினார். காற்றுச் சுத்தம் செய்கிற மெஷின் ஒன்றை இரவல் வாங்கி வைத்தார். காற்று திசை மாறிப் புகை விலகிய நேரம் பார்த்து மட்டும் ஜன்னலைத் திறந்தார். காடு பற்றிய பன்னிரண்டாம் நாள் மழை வந்து தீயை அணைத்தது.

பெண் குழந்தை மூன்று வாரம் முந்திப் பிறந்தாள். இரண்டு கிலோ முந்நூறு. எடை கொஞ்சம் கம்மிதான், ஆனால் அழுத அழுகையில் வார்டே திரும்பிப் பார்த்தது. நர்ஸ் நீட்டிய பிள்ளையை வாங்க இரண்டு தரம் கையை நீட்டிவிட்டு இழுத்துக்கொண்டவர், மூன்றாம் தரம்தான் வாங்கினார்.

"ஆளுயரக் கண்ணாடியை அசராமத் தூக்குவீங்களே" என்று சிரித்தாள் மனைவி.

"அது உடைஞ்சா வேற வெட்டிக்கலாம்டி" என்றவர், பிள்ளையைக் கீழே வைக்கவேயில்லை.