நீலத்துக்குக் கீழே

போன கிழமை மழை தொடங்கியதும் குடையைத் தேடி, அலுமாரிக்கு மேலே கிடந்த பழைய துணிப்பையை இழுத்தேன். குடை வரவில்லை. பென்சில் கோட்டை அழிக்கிற ஒரு அழிறப்பர் விழுந்து கட்டிலுக்குக் கீழே உருண்டது. குனிந்து எடுத்தேன். என் முழங்காலோடு குனிந்து எடுத்தது தனிக் கதை, அதை விடுங்கள். அழிறப்பரில் பிளாஸ்டர் ஒட்டி, அதன் மேல் என் பெயர் எழுதியிருந்தது. காய்ந்து கல்லாகியிருந்தாலும் அந்தத் தோடம்பழ வாசம் கொஞ்சம் மிச்சமிருந்தது. மூக்கில் வைத்தேன், பழைய பயம் திரும்பி வந்தது. ஓய்வு பெற்று வீட்டோடு இருக்கிற பெண், ஒரு அழிறப்பருக்குப் பயந்து கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன் என்றால் நீங்கள் சிரிப்பீர்கள்தான்.

ஐம்பத்து மூன்றாவது வயதில் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்துக்கு முதுமாணிப் பட்டம் படிக்கப் போனேன். பாடம் சித்திரக் கல்வி. இருபத்தாறு வருடம் சித்திரம் படிப்பித்துவிட்டு, அதை எப்படிப் படிப்பிப்பது என்று படிக்கப் போனேன். அப்படி ஒன்றும் பெரிய ஆசை இருக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் விண்ணப்பம் நிரப்பினார்கள், நானும் நிரப்பினேன். அவர்களுக்குக் கிடைக்கவில்லை, எனக்குக் கிடைத்துவிட்டது.

"என்ன புள்ள, மகள் படிச்சு முடிச்சிட்டா எண்டு நிம்மதியா இருந்தன். இனி உனக்குச் சோறு கட்டணுமா?" என்றார் என் கணவர். கட்டியும் தந்தார். சனிக்கிழமை விடிய ஆறு மணி பஸ்ஸில் அந்தச் சோற்றுப் பார்சலை மடியில் வைத்துக்கொண்டு ஏறாவூர், செங்கலடி என்று ஒவ்வொரு ஊராகத் தாண்டும்போது, இந்த பஸ் பழுதாகி நின்றுவிடக் கூடாதா என்று வேண்டிக்கொள்வேன். அது ஒருநாளும் பழுதாகவில்லை. வேலைக்குப் போகிற நாட்களில் எத்தனை தரம் நடுவழியில் இறக்கி விட்ட பஸ்!

எதற்கு அவ்வளவு பயம் என்று கேட்பீர்கள். மற்றவர்கள் மடிக்கணினியைத் திறக்கும்போது நான் கொப்பியைத் திறப்பது ஒரு பயம். மாடிப்படி இன்னொன்று. ஆனால் உண்மையான பயத்தை நான் கணவரிடம்கூடச் சொல்லவில்லை. எனக்கென்று நான் ஒரு படம் கீறி எத்தனையோ வருடமாகியிருந்தது. கரும்பலகையில் கீறுவேன். பிள்ளைகளின் படத்துக்கு மேலே கீறுவேன். பிள்ளை கோணலாகக் கீறிய வீட்டை நிமிர்த்துவேன், மாட்டுக்கு விடுபட்ட காலைப் போடுவேன், வானத்தை நிரப்புவேன். அதற்கு எங்களுக்குள் "திருத்துவது" என்று பெயர். போட்டிக்கு அனுப்புகிற படமென்றால் பாதி ஆசிரியரின் கைதான், எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் சொல்லமாட்டோம். அந்தக் கையை எடுத்துவிட்டால் என்னிடம் என்ன இருக்கிறது என்பதை வந்தாறுமூலையில் கண்டுபிடித்துவிடுவார்கள். என் இருபத்தாறு வருடமும் பிழை என்று யாரோ எழுந்து நின்று சொல்லப்போகிறார்கள். இதுதான் பயம்.

முதல் வகுப்பிலேயே அது தொடங்கியது. விரிவுரையாளர் தர்ஷினி, என் மகளைவிட ஒரு வயது இளையவர். நான் அவரை "மிஸ்" என்பேன், அவர் என்னை "டீச்சர்" என்பார். வந்ததும் வராததுமாக ஒரு வெறும் பிஸ்கட் டின்னை மேசையில் வைத்தார்.

"எல்லாரும் அழிறப்பரை இதுக்குள்ள போடுங்க. பேர் ஒட்டிப் போடுங்க, மறுகா சண்டை வரும்."

அந்த டின் மூடிய சத்தம் இப்போதும் கேட்கிறது. விழுந்தால் பிடிக்க ஒன்றுமில்லை என்ற மாதிரி ஆகிவிட்டது எனக்கு.

"காலையில உங்கட வாசல்ல நிண்டா என்ன தெரியும்? அதக் கீறுங்க. அரை மணித்தியாலம்."

என் வாசலில் நின்றால் வாவி தெரியும். கண்டல் பற்றை தெரியும், ஒரு தோணி தெரியும். முப்பது வருடமாக அதைப் பார்த்துத்தான் பல் விளக்குகிறேன். பென்சிலை வைத்தேன், அது தன்பாட்டில் போனது. அரை மணித்தியாலம் முடிந்ததும் பார்த்தால் இரண்டு மலை, நடுவில் கதிர் பரப்பிக்கொண்டு உதிக்கிற சூரியன், ஒரு பக்கம் சாய்ந்த தென்னை.

தர்ஷினி மிஸ் கனநேரம் பார்த்தார். "டீச்சர், இந்த மலை எங்க இருக்கு?"

பக்கத்தில் இருந்த ரிபாயா, ஏறாவூரில் சித்திரம் படிப்பிக்கிறவள், என் காதுக்குள் "குடும்பிமலை எண்டு சொல்லுங்கக்கா" என்றாள். நானும் புத்தியில்லாமல் அப்படியே சொன்னேன்.

"அது ஒரு மலைதானே டீச்சர். அதோட அது மேற்கில, அங்க சூரியன் மறையும். உங்கட படத்தில உதிக்குது."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். ரிபாயா தன் தாளைத் திருப்பிக் காட்டினாள். அவளுடையதிலும் இரண்டு மலை. மலையே இல்லாத எங்கள் ஊர்களில் எத்தனை பிள்ளைகளுக்கு நாங்கள் இந்த மலைகளைக் கொடுத்திருக்கிறோம் என்று நினைத்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அன்று கணவர் கட்டித் தந்த சோறு இறங்கவேயில்லை.

தவணை முடிவில் ஒரு ஒப்படை தந்தார். எங்கள் கையால் திருத்திய ஒரு பிள்ளையின் படத்தைக் கொண்டுவந்து சுவரில் மாட்டி, பக்கத்தில் நின்று பேசவேண்டும். முடிந்தால் அந்தப் பிள்ளையையும் கூட்டிவரவேண்டும். ரிபாயா கெட்டிக்காரி, தன் தங்கச்சியின் மகளைப் பிடித்துக்கொண்டாள். எனக்கும் அப்படி யாராவது அகப்பட்டிருப்பார்கள். ஆனால் கேட்டவுடன் என் மனதில் வந்து நின்றது ஒரே ஒரு முகம். வதனி.

முதல் நியமனம் எனக்குப் பனிச்சங்கேணிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில். வதனிக்கு அப்போது ஒன்பது வயது, மீன்பிடிக்கிறவரின் மகள். வலயப் போட்டிக்கு அவள் வாவியைக் கீறினாள். தண்ணீருக்கு ஏதோ ஒரு நிறம் பூசியிருந்தாள், நீலமில்லை. நான் போஸ்டர் நீலத்தைக் குழைத்து, தண்ணீர் முழுக்கத் தடிப்பாகப் பூசிக் கொடுத்தேன். பின்னால் இரண்டு மலையும் வைத்தேன். அவள் படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தூரிகையைக் கழுவப் போனாள். படத்துக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. அந்தப் பார்வை அன்றைக்கே எனக்குக் குத்தியது, வேலைப் பராக்கில் மறந்திருந்தேன்.

அவளைத் தேடிப் போன பஸ்ஸும் பழுதாக வேண்டும் என்றுதான் வேண்டினேன். என்னைக் கண்டதும் ஏசுவாள், இல்லாவிட்டால் யாரென்றே தெரியாது என்பாள். இரண்டுக்கும் பதில் தயார் பண்ணி வைத்திருந்தேன். விசாரித்துப் போனால், அவள் முன்பள்ளி நடத்துகிறாள்.

"ஐயோ மிஸ்!" என்று ஓடி வந்து கையைப் பிடித்தாள். "அந்தப் பரிசாலதான் மிஸ் எனக்கு டீச்சராக வேணுமெண்டு ஆசை வந்திச்சு. உங்களாலதான்."

இதற்கு நான் பதில் தயார் பண்ணவில்லை. அவள் தோளுக்கு மேலால் சுவரைப் பார்த்தேன். பிள்ளைகளின் படங்கள் வரிசையாக ஒட்டியிருந்தன. எல்லாவற்றிலும் இரண்டு மலை, நடுவில் சூரியன், நீலத் தண்ணீர். ஜன்னலுக்கு வெளியே வாவி அன்றைக்கு ஈயப் பாத்திரம் மாதிரி மங்கிக் கிடந்தது. அவள் ஏசியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்தேன்.

பரிசுப் படத்தைச் சட்டம் போட்டு வைத்திருந்தாள். கம்பஸில் காட்டத் தரச்சொல்லிக் கேட்டதும் அதைத் துவாயில் சுற்றிக்கொண்டே, "நானும் வரட்டா மிஸ்?" என்றாள். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

வந்தாள். பட்டுச் சேலை கட்டி, பூ வைத்து, முன் வரிசையில் இருந்தாள். நான் படத்துக்குப் பக்கத்தில் நின்றேன். உண்மையைச் சொன்னால், அவள் இத்தனை வருடம் சுவரில் வைத்துக் கும்பிடாத குறையாகக் காத்த ஒன்றை எல்லோருக்கும் முன்னால் உடைக்கிறேன். சொல்லாவிட்டால், அந்த முன்பள்ளிச் சுவர் அப்படியே இருக்கும். மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

"இத ரெண்டு பேர் கீறினது. கீழ கீறினது இவ, வதனி. மேல பூசினது நான். எனக்குப் பரிசு வேணும் எண்டு பூசினன். இவட்ட நான் கேக்கவே இல்ல."

வதனியின் முகத்தைப் பார்க்கப் பயந்து நிலத்தைப் பார்த்தேன். தர்ஷினி மிஸ் மெதுவாக அவளிடம் கேட்டார். "நீங்க தண்ணிக்கு என்ன நிறம் போட்டீங்க, வதனி?"

அவள் எழுந்து படத்துக்குக் கிட்ட வந்தாள். குனிந்து பார்த்தாள். போஸ்டர் நீலம், அதற்குள்ளால் ஒன்றும் தெரியாது.

"நினைவில்ல மிஸ்," என்று வெட்கத்தோடு சிரித்தாள். "பிழையாத்தான் கீறியிருப்பன். அதான எங்கட மிஸ் திருத்தினாங்க."

யாரும் சிரிக்கவில்லை. ரிபாயா முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்தாள்.

எனக்கு நல்ல புள்ளி தந்தார்கள், பட்டமும் கிடைத்தது. தர்ஷினி மிஸ் பிறகு வெளிநாடு போய்விட்டார். பிஸ்கட் டின் அழிறப்பர்களைக் கடைசி நாளில் அவரே ஒவ்வொருவர் கையிலும் தந்தார். வதனி இப்போது பிள்ளைகளை ஜன்னல் பக்கம் திருப்பி இருத்திக் கீறவிடுகிறாளாம். படங்களைத் தொலைபேசியில் அனுப்புவாள். மலை குறைந்துவிட்டது, ஒன்றிரண்டு இன்னும் வரும். பஸ் பயமும் மாடிப்படிப் பயமும் போய்விட்டன. கையில் தாள் எடுக்க இப்போது பயமில்லை.

அந்தத் தண்ணீரின் நிறம்தான் போனது போனதுதான். அதைக் கண்டவர்கள் உலகத்தில் இரண்டே பேர். பூசிய பிள்ளைக்கு அது பிழை என்றுதான் நினைவு. மற்றவள் நான். தூரிகையை நீலத்தில் தோய்க்க முன்னம் அந்தப் படத்தை நான் நன்றாகப் பார்த்தேன், எங்கே திருத்தலாம் என்று. காய்ந்த அழிறப்பரைக் கையில் வைத்துக்கொண்டு, மழை விடும்வரைக்கும் அந்த நிறத்தை யோசித்துப் பார்த்தேன். வரவில்லை.