ஜன்னல் வழியாகப் பிடித்த இடம்

லண்டனுக்கு வந்து ஒரு மாதமாகியும் அலுவலகத்துக்கு வெளியே நான் யாரிடமும் பேசியதில்லை. இன்று பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவரின் புதுத் தோல் ஜாக்கெட் வாசனை என்னை ஆம்பூர் பஸ் ஸ்டாண்டுக்கே கொண்டுபோய்விட்டது.

அன்று பேரணாம்பட்டு பஸ்ஸில் ஒரே கூட்டம். அப்பா என்னைத் தூக்கி ஜன்னலுக்குள் விட்டார். "பூந்து எடம் புடி!"

ஷூ கம்பெனியில் வேலை முடிந்து வந்த ஒருவரின் மடியில் போய் விழுந்தேன். அவர் சட்டையெல்லாம் இதே வாசனை. பயத்தில் அழப்போனேன்.

"இன்னா பாப்பா, வானத்துலேர்ந்து குதிச்சியா? ஒங்க அப்பாவையும் கூப்டு" என்று நகர்ந்து இடம் கொடுத்தார். வழியெல்லாம் மூவரும் சிரித்துக்கொண்டே போனோம்.

நினைத்ததும் சத்தமாகச் சிரித்துவிட்டேன். ஜாக்கெட்காரர் என்ன விஷயம் என்று கேட்டார். சொன்னேன். உடனே அவர் தன் ஊர்க் கதையை ஆரம்பித்தார். இறங்க வேண்டிய இடத்தை இருவருமே தவறவிட்டோம்.