நடுக்கடலில் முறிந்த சுக்கான் போல்ட்

விசுவமடுவில் டிராக்டர் ஓட்டிய எனக்கு, பாய்மரப் படகொன்றை ஆபிரிக்கக் கரையில் சேர்க்கும் பயணத்தில் உதவியாள் வேலை கிடைத்தது. படகை ஓட்டிய முல்லைத்தீவு அன்ரன் அண்ணை, அவர் மனைவி றோசக்கா, நான் என மூன்றே பேர்.

நடுக்கடலில் சுக்கானைப் பிடித்திருந்த போல்ட் தளர்ந்து ஆடியது. வயல் பழக்கத்தில் பலம் கூட்ட ஸ்பனர் பிடியில் நீளக் குழாயைச் செருகி இறுக்கினேன். போல்ட் முறிந்து சுக்கான் செயலிழந்தது; மாற்றுப் போல்ட் இல்லை. படகு அலைக்குக் குறுக்கே திரும்பியது.

"இது டிராக்டர் இல்லைத் தம்பி, உடைஞ்சா இறங்கி நடக்கேலாது" என்று சிரித்தபடியே றோசக்கா பாயை இறக்கினார். அண்ணை அறைக் கதவைக் கழற்றி, நீண்ட கம்பில் கட்டி, பின்னால் சுக்கானாக இறக்கினார்.

"உடைச்சவர்தான் முதல் பிடிக்கோணும்" என்று அண்ணை அந்தக் கம்பை என் கையிலேயே தந்தார். அப்படியே கரை சேர்ந்தோம்.

இப்போது வயலிலும் நான் ஸ்பனரில் குழாய் செருகுவதில்லை. மாற்றுப் போல்ட் இல்லாமல் புறப்படுவதுமில்லை.