நெல் ஆலைக் கூரையில் இரைச்சல்

அந்தியில் மஃரிப் தொழுதுவிட்டுக் கடைக்கு வந்து கைரேடியோவைப் போட்டால் இரைச்சல் கேட்கும். கொதிக்கிற எண்ணெயில் அப்பளம் பொரிவது போன்ற சத்தம். அதற்கு அடியில் யாரோ கதைப்பது தெரியும். என்ன கதைக்கிறார் என்பது தெரியாது. காலையில் போட்டால் ஒன்றும் இருக்காது, துல்லியமாக இருக்கும்.

சூறாவளியில் தந்திக்கம்பங்கள் சரிந்து, பக்கத்து ஊரில் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று அறியவும் வழியில்லாமல் கிடந்த பிறகுதான் நாங்கள் இருவர் அமெச்சூர் வானொலி அனுமதி எடுத்தோம். நான் கல்முனைச் சந்தைக்குப் பக்கத்தில் ரேடியோ திருத்துகிறவன். மற்றவர் வீரமுனைக்காரர், தபால் கந்தோரில் எழுதுவினைஞர். கேட்கவும் கதைக்கவும் செய்கிற கைரேடியோதான் என்றாலும், அதன் குரல் ஊர் தாண்டிப் போகாது. அதனால் நிந்தவூரில் ஒரு நெல் ஆலையின் மேல்தட்டில் கம்பம் நட்டு, ரிப்பீட்டர் பூட்டினோம். மெலிந்து வருகிற குரலை வாங்கி, பலப்படுத்தி, வேறொரு அலைவரிசையில் அதே நேரம் திருப்பி அனுப்புகிற பெட்டி அது. நான் கையால் செய்தது. அதனால்தான் அதன் பழுது எனக்கு அவமானமாகவும் இருந்தது.

முதலில் கடற்காற்றைச் சந்தேகித்தேன். உப்பு எதைத்தான் விட்டுவைத்தது? கேபிளின் முனைகளைக் கழற்றிச் சுரண்டிப் புதிதாக ஈயம் வைத்தேன். சரியானது என்று நினைத்து பஸ் ஏறினேன். மாலையில் இரைந்தது. கேபிளையே மாற்றினேன். மாலையில் இரைந்தது. மின்வழங்கியைக் கடைக்குக் கொண்டுபோய்ப் பிரித்துப் பார்த்தேன். அதில் ஒரு குறையும் இல்லை. நான் எந்தச் சாமானைத் தொட்டாலும் காலையில் நல்ல பிள்ளையாக நடந்துகொண்டது. ஆலைக்காரர் கீழே இருந்து, அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிட்டுக் கேட்பார்:

"காக்கா, இன்னம் முடியல்லையா? ஊராக்கள்ட ரேடியோவெல்லாம் திருத்துற நீங்க, உங்கட பெட்டிய மட்டும் திருத்த மாட்டீங்களோ?"

சிரித்துச் சமாளித்தேன். ஏணியில் இறங்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டேன்.

மாரி பிடித்த ஒரு பின்னேரம் வீரமுனையிலிருந்து கூட்டாளி ரேடியோவில் கூப்பிட்டார். "மச்சான், அம்மாவுக்கு..." என்றது கேட்டது. பிறகு இரைச்சல். மறுபடி கூப்பிட்டார். மறுபடியும் அப்பளம் பொரிந்தது. நான் கத்தினேன், பதில் வரவில்லை. கடையை அப்படியே போட்டுவிட்டுச் சைக்கிளை எடுத்தேன். மழையில் ரோட்டெல்லாம் தண்ணீர். பாதி வழி சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் போனேன். போய்ச் சேர்ந்தபோது வீடு பூட்டிக் கிடந்தது. அவருடைய தாய்க்கு மூச்சிழுப்பு வந்து, யாரோ ஒருவரின் டிராக்டர் பெட்டியில் ஏற்றிச் சம்மாந்துறை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். கல்முனையிலிருந்து கார் பிடித்து அனுப்பச் சொல்லத்தான் அவர் கூப்பிட்டிருக்கிறார்.

தாய் தப்பிவிட்டார். ஆனால் ஆஸ்பத்திரி வாசலில் கூட்டாளி என் முகத்தைப் பார்க்காமல் சொன்னது இன்றும் குத்துகிறது.

"எத்தின தரம் கூப்பிட்டன் மச்சான். இந்த உதவிக்கும் ஆகாட்டி, அந்தச் சாமான் நமக்கு என்னத்துக்கு?"

மறுநாள் மாலை இரைச்சல் தொடங்கும் வரை ஆலையின் மேல்தட்டிலேயே இருந்தேன். இரையத் தொடங்கியதும் ரிப்பீட்டரிலிருந்து, குரலை வாங்குகிற ஆண்டனாவைக் கழற்றினேன். சத்தம் பட்டென்று நின்றது. பூட்டினேன், வந்தது. பழுது பெட்டிக்குள் இல்லை, வெளியிலிருந்து வருகிறது என்பது அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாளும் குற்றமில்லாத சாமான்களைப் பிரித்துப் பிரித்துப் பூட்டியிருக்கிறேன்.

கைரேடியோவை நெஞ்சோடு அணைத்தபடி ஒழுங்கைகளில், சந்து சந்தாக நடந்தேன். ஒரு பக்கம் திரும்பினால் இரைச்சல் கூடும், முதுகைக் காட்டினால் உடம்பு மறைத்துக் குறையும். மதில்களுக்கு மேலால் பெண்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். கூடிக் கூடிப் போய், ஒரு புது வீட்டின் முன்னால் காது பிளக்கிற மாதிரி இரைந்தது. கூரைக்கு மேலே உயரக் குழாயில் டீவி ஆண்டனா. அதன் கழுத்தில் படத்தைத் தெளிவாக்குகிற பூஸ்டர். உள்ளே அந்த ஒழுங்கையே கூடி டீவி பார்த்துக்கொண்டிருந்தது.

வீட்டுக்காரி வாசலுக்கு வந்தாள். புருஷன் சவூதியில்.

"தங்கச்சி, உங்கட பூஸ்டர்தான் எங்கட ரேடியோவக் குழப்புது. ஒருக்கா ஏறிப் பாக்கட்டா?"

"அது அவர் அனுப்பின சாமான் காக்கா. ஒருத்தரும் கை வைக்கப்படாது. உங்கட பெட்டி பழுதெண்டா உங்கட பெட்டியத் திருத்துங்க."

அலைவரிசை, அலைவு என்று ஏதேதோ விளக்கினேன். அவள் கதவைச் சாத்தப் போனாள். எனக்குக் கோபத்தில் குரல் உடைந்துவிட்டது. வீரமுனைத் தாயின் கதையைச் சொன்னேன். டிராக்டர் பெட்டியில், மழையில், மூச்சு முட்டிக்கொண்டு போனதைச் சொன்னேன்.

அவள் கதவை மறுபடி அகலத் திறந்தாள்.

"இத முதல்லயே சொல்லியிருக்கலாமே காக்கா," என்றாள். உள்ளே திரும்பி, "டீவிய நிப்பாட்டுங்க!" என்று சத்தம் போட்டாள். ஒழுங்கையே முணுமுணுத்துக்கொண்டு எழும்பியது.

பூஸ்டருக்குள் உப்புத்தண்ணீர் இறங்கிப் பச்சை பிடித்திருந்தது. அது வாங்குகிற வேலையை விட்டுத் தானே ஒரு நிலையமாக அலையை அனுப்பிக்கொண்டிருந்தது. மாலையில் டீவி போடும்போதுதான் அதற்கும் மின்சாரம் போகும். என் காலைகள் சுத்தமாக இருந்ததற்குக் காரணம் அதுதான். துடைத்து, ஈயம் வைத்து, மெழுகால் மூடினேன். இரைச்சல் போய்விட்டது.

அந்தச் சந்தோஷம் அடுத்த நோன்பு வரைக்கும்கூடத் தங்கவில்லை. சவூதியிலிருந்தும் குவைத்திலிருந்தும் டீவிகள் வந்துகொண்டே இருந்தன. கூரைக்குக் கூரை அதே பூஸ்டர், அதே உப்பு. ஒன்றை அடைத்தால் இன்னொன்று இரையும். கூரை கூரையாக ஏறிக் களைத்தேன். கடைசியில் கம்பத்தைப் பிடுங்கி, கடலை விட்டு உள்ளே, சவளக்கடையில் ஒரு நெற்களஞ்சியத்தின் மேலே கொண்டுபோய் நட்டோம். கூட்டாளிக்கு அது கண்ணாடி மாதிரிக் கேட்டது. என் கடைக்குள்தான் அது எட்டவில்லை. கதைக்க வேண்டுமென்றால் கடைக் கூரையில் ஏறவேண்டும்.

"மச்சான், இப்ப எப்பிடிக் கேக்குது?" என்று முதல் நாள் கேட்டார்.

"நல்லாக் கேக்குது," என்றேன். மழை நனைத்த கூரைத் தகரத்தில் கால் வழுக்க, ஒரு கையில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.