தஞ்சாவூரில் நுண்ணோக்கி அணைந்த நாள்

மார்கழி முதல் வாரத்தில் தஞ்சாவூர் போனேன். பெரிய கோயிலுக்காக அல்ல. நான் ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது பழகிய ஒரு நுண்ணோக்கியை பெருநகர நிறுவனம் ஒன்றுக்கு எடுத்துச் செல்லப் போகிறார்கள் என்று தெரிந்தது. அது கடைசியாக ஓடும் நாளில் அங்கே இருக்க வேண்டும் என்று தோன்றியது.

இப்போது டெல்லியில் அறிவியல் கொள்கை சார்ந்த வேலையில் இருக்கிறேன். எந்த ஊருக்கு எந்தக் கருவி, அதை இயக்க எத்தனை ஆள் என்பதையெல்லாம் முடிவு செய்பவர்களுக்குக் குறிப்பு எழுதிக் கொடுப்பது என் பணி. முடிவு செய்வது நான் அல்ல. தஞ்சாவூர்க் கருவி ஓடும் நேரம் குறைவு என்று பேச்சு வந்தது. இருப்பதே ஒரே ஆள், அவரும் ஆண்டு ஒப்பந்தத்தில் இருக்கிறார், பழுது பார்க்கச் சென்னையிலிருந்து வர வேண்டியிருக்கிறது, டெல்டாக் கல்லூரிகளுக்கு வேறு வழியில்லை என்றெல்லாம் எழுதினேன். கூட்டத்தில் எல்லோரும் பொறுமையாகக் கேட்டார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை. கருவியை இடம் மாற்றுவது என்று முடிவானது.

சென்னையிலிருந்து ரயிலில் வந்தால் தஞ்சாவூர் ஏறத்தாழ முந்நூற்றைம்பது கிலோமீட்டர். காலையில் இறங்கி, நிலையத்துக்கு எதிரிலேயே இட்லி சாப்பிட்டுவிட்டு ஆட்டோ பிடித்தேன். நூற்றைம்பது ரூபாய் கேட்டார், கொடுத்தேன். ஊரைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் சம்பாப் பயிர். முந்தின நாள் மழையில் வாய்க்கால்கள் விளிம்பு வரை ஓடிக்கொண்டிருந்தன.

"எக்ஸாம் எழுதவா போறீங்க?" என்றார் ஓட்டுநர்.

"இல்லைங்க. ஒரு மெஷினைப் பார்க்க."

"வாங்கவா, விக்கவா?"

அதற்குள் நுண்ணோக்கி மையம் வந்துவிட்டது, இறங்கிக்கொண்டேன்.

கலையரசி அக்கா வாசலிலேயே நின்றிருந்தார். பதினோரு ஆண்டுகளாக அந்த நுண்ணோக்கியை இயக்கியவர். லேசர் ஒளியால் உயிரணுக்களை அடுக்கடுக்காகப் படமெடுக்கும் கருவி அது. எந்தக் கல்லூரியிலிருந்தும் நேரம் பதிவு செய்துவிட்டு வரலாம். எனக்கு அதில் படமெடுக்கக் கற்றுக்கொடுத்தவர் அக்காதான்.

"வா மாலதி. சாப்பிட்டியா? சீக்கிரம் வா, கடைசி ஆளு உள்ள இருக்கு."

அந்தக் கடைசி ஆள் ஆனந்தி. வேதாரண்யத்துப் பெண், அப்பா கடலுக்குப் போகிறவர். புயலில் கடல்நீர் புகுந்த வயல்களில் சில நெற்பயிர்கள் மட்டும் சாகாமல் நிற்பது ஏன் என்பதுதான் அவள் ஆராய்ச்சி. வேர்களை உயிரோடு கொண்டுவர வேண்டும். மீன் வைக்கும் தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டு, விடியற்காலை பஸ் ஏறி, திருத்துறைப்பூண்டி, மன்னார்குடி வழியாக வந்திருந்தாள். மொத்தம் எட்டு வயல்களின் வேர்கள்.

இருட்டறையில் மூவரும் உட்கார்ந்தோம். முதல் வேர் திரையில் வந்தது. உப்பு இருக்கும் இடத்தில் மட்டும், வேரில் ஏற்றியிருந்த சாயம் பச்சையாக ஒளிர்ந்தது. முதல் இரண்டு வேர்களில் பச்சை உள்ளே வரை பரவியிருந்தது. மூன்றாவது வேரில் வெளி வளையத்தோடு நின்றுவிட்டது.

ஆனந்தி நாற்காலியை முன்னால் இழுத்தாள். "மேம், உள்ளயே போகல."

"ஆமாம்மா, நிறுத்தியிருக்கு" என்றார் அக்கா. "அவசரப்படாத, இன்னும் கொஞ்சம் ஆழத்துல பார்ப்போம்."

பிற்பகலில் மின்சாரம் போனது. லேசர் ஒருமுறை அணைந்தால் மறுபடி சூடாகி நிலைப்பட நேரமாகும். காத்திருந்தோம். அதற்குள் அலுவலகத்திலிருந்து ஆள் வந்து, கருவியைக் கழற்றுகிறவர்கள் மறுநாள் காலையிலேயே வருவதால் மாலைக்குள் அணைத்து ஆற வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். ஐந்து வேர்கள்தான் முடிந்தன.

"மீதி மூணும் எங்க மேம் பார்க்கறது?"

கருவி போகும் இடத்தின் பெயரை அக்கா சொன்னார். "ஆனா அங்க பொருத்தி முடிக்கவே மாசக்கணக்குல ஆகும். இந்த வேர் தாங்காதும்மா."

"அதுக்குள்ள அறுப்பு முடிஞ்சிடும். எங்க ஊர்ல ஒரு போகந்தான் மேம்."

அக்கா கணினிப் பக்கம் திரும்பினார். எடுத்த படங்களைப் பிரதி எடுத்து அவளிடம் கொடுத்தார். பிறகு லேசர்களை ஒவ்வொன்றாக அணைத்தார். விசிறி ஓய்ந்ததும் அந்த அறை இவ்வளவு சின்னதா என்றிருந்தது. துணி உறையைப் போர்த்தி, அதன் ஓரங்களை இழுத்துச் சரிசெய்தார். நாளைக்கு எப்படியும் எடுக்கப் போகிற உறை. ஆனந்தி மூன்று வேர்களையும் திரும்ப ஐஸில் வைத்துப் பெட்டியை மூடினாள்.

அவளை மன்னார்குடி பஸ்ஸில் ஏற்றிவிட்டு நானும் அக்காவும் கும்பகோணம் பஸ் ஏறினோம். அக்காவுக்குப் பாபநாசத்தில் வீடு. ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிகிறது. கும்பகோணத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலைக்குச் சேரப்போவதாகச் சொன்னார்.

"அங்கயும் இருட்டு ரூம்தான். எனக்குப் பழக்கந்தானே" என்று சிரித்தார். கொஞ்சம் கழித்து, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "நீ எழுதினதப் படிச்சேன் மாலதி. ஆபீஸ்ல காட்டினாங்க. என்னைப் பத்தி யாரும் அப்படி எழுதினதில்ல" என்றார். பாபநாசத்தில் இறங்கியவர் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

போக நினைப்பவர்களுக்குச் சில விவரங்கள் சொல்கிறேன். மார்கழியில் குடை எடுத்துப் போங்கள். தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் நாற்பது கிலோமீட்டர், பஸ் அடிக்கடி உண்டு. பொது நுண்ணோக்கி மையத்துக்கு மாதிரிகளோடு போகிறவர்கள், கிளம்பும் முன் போன் செய்து கருவி ஓடுகிறதா, இயக்க ஆள் இருக்கிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அறிவியல் கொள்கை வேலைக்கு வர விரும்பும் மாணவர்கள் எனக்கு எழுதுகிறீர்கள். வாருங்கள். நன்றாக எழுதினால் போதும், நியாயம் நடந்துவிடும் என்று மட்டும் நம்பி வராதீர்கள். நீங்கள் எழுதுவதில் முக்கால்வாசி தோற்கும். அதற்குப் பிறகும் அடுத்த குறிப்பை எழுத உட்கார முடியுமா என்று யோசித்துவிட்டு வாருங்கள்.

போன வாரம் ஆனந்தி செய்தி அனுப்பியிருந்தாள். கருவி போன பெருநகர மையத்தில் சித்திரையில்தான் நேரம் கிடைத்திருக்கிறதாம். அந்த மூன்று வயல்களிலும் கொஞ்சம் விதைநெல் வாங்கி, புது வேருக்காகத் தொட்டியில் போட்டிருக்கிறாளாம், முளைத்துவிட்டதாம். கடைசியில், "அங்க கலை மேம் மாதிரி யாராவது இருப்பாங்களா மேம்?" என்று கேட்டிருந்தாள்.