கீழ் லைன் கிணறும் மூன்று வாய்க்கால்களும்

கிணற்றுக் காவல் வேலையில் தண்ணீர் நன்றாக இருக்கிற வரைக்கும் காவல்காரன் பேர் யாருக்கும் தெரியாது. கெட்டுப்போன அன்று குழந்தைக்குக்கூடத் தெரிந்துவிடும்.

சின்னப்பண்ணனை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, கொட்டுகிற மழையில், முழங்கால் அளவு செம்மண் தண்ணீரில், மண்வெட்டியோடு நின்று தண்ணீரைத் திட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "இன்னா கோயிந்தா, இதுக்கு நம்ம பாஷை புரியாதா?" என்றார். எனக்குக் காவல் முறை முடிந்திருந்தது. சிரித்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

பேத்தமங்களா ஏரியிலிருந்து குழாயில் தண்ணீர் வருவதற்கு முந்தின காலம் அது. ஊரிகத்தில் ஒரு சரிவில், தங்கச் சுரங்கத்து ஆட்களுக்கென்று தகரக் கூரை வீடுகள் மூன்று வரிசை: மேல் லைன், நடு லைன், கீழ் லைன். கீழ் லைனுக்கு ஒரே கிணறு. அதற்குக் காவல் நானும் சின்னப்பண்ணனும், ஆள் மாற்றி ஆள். அவர் மாதா கோயிலுக்குப் போகாத ஞாயிறு கிடையாது, சண்டை போடாத திங்களும் கிடையாது. நான் அதிகம் பேசாதவன். முந்தின மழைக்காலத்தில் வாந்திபேதி வந்து கீழ் லைனில் வீட்டுக்கு வீடு அழுகுரல். இன்னொரு மழைக்குக் கிணறு கெட்டால் லைனே காலியாகிவிடும் என்று டாக்டர் துரை சொல்லியிருந்தார். கிணற்றுக்குள் இறங்குகிறவர்களை விரட்ட எங்களுக்கு ஆளுக்கொரு தடி கொடுத்திருந்தார்கள். மண்ணுக்குள் இறங்கி வருவதை விரட்ட ஒன்றும் கொடுக்கவில்லை.

புதர்க்காடு

மேல் லைனுக்கும் மேலே புதர்க்காடு. விடிந்தால் மூன்று லைன் ஆட்களும் சொம்போடு அங்கேதான் ஏறுவார்கள். கீழே சுரங்கத்துக் கல்லை அரைக்கிற மில்லும் வண்டிப்பாதையும் இருந்தன. எந்நேரமும் ஆள் நடமாட்டம். மானமுள்ளவர்கள் மேலே போனார்கள். மழை வந்தால் அவர்கள் விட்டுவந்தது அவர்களுக்குப் பின்னாலேயே இறங்கி வந்தது.

இதை எடுத்துச் சொல்ல மேல் லைன் மேஸ்திரியிடம் போனோம். வெற்றிலை போட்டுக்கொண்டு பொறுமையாகக் கேட்டார். "மேஸ்திரி, மழை பேஞ்சா அதெல்லாம் எங்க போவும், நீங்களே சொல்லுங்க" என்றார் சின்னப்பண்ணன். மேஸ்திரி சரிவைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "எங்க போவும், கீழதான் போவும். அதுக்குத்தான நாங்க மேல் லைன்ல வூடு கேட்டு வாங்கினோம்."

சிவப்பு மருந்து

மழைக்கு முன்னால் டாக்டர் துரை வந்து கிணற்றில் ஏதோ மருந்து கரைத்து ஊற்றினார். தண்ணீர் கத்தரிப்பூ நிறமாகி, அப்புறம் ரோஜா நிறமானது. பெண்கள் குடத்தோடு வந்து எட்டிப் பார்த்துவிட்டுக் குடத்தோடு திரும்பினார்கள். ஒருத்தி மட்டும் பழைய சேலையை முக்கிப் பார்த்தாள். சாயம் நிற்கவில்லை என்று அவளுக்குத் துரைமேல் கோபம்.

என் வீட்டுக்காரி நல்லவள், போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. அவளாவது நான் சொன்னால் கேட்பாள் என்று நினைத்தேன். மருந்து போட்ட தண்ணீர்தான் நல்லது, பூச்சியெல்லாம் செத்திருக்கும் என்று விளக்கினேன். அடுப்பிலிருந்து தலையைத் தூக்காமல் அவள் சொன்னாள்: "மருந்து ஊத்துறதுக்கு முன்னாடி மொண்ட தண்ணி ரெண்டு தவலை கீது. அது தீர்ற வரிக்கும் நமக்கு ஒண்ணும் ஆவாது."

பம்ப்புக்காரரின் சாட்சி

மேலே ஓடுகிற தண்ணீர் கிணற்றுக்குள் எப்படி வரும், நடுவில் பூமி இருக்கிறதே என்று நடு லைனில் ஒரே வாதம். சாட்சிக்குச் சின்னப்பண்ணன் தன் மச்சானைக் கூட்டி வந்தார். சுரங்கத்துக்குள் பம்ப் ஓட்டுகிறவர். ஷிப்ட் முடிந்து நனைந்த கோழிபோல வந்தார்.

"மேல மழை பேஞ்சா ரெண்டு நாள் பொறுத்து சுரங்கத்துல நாங்க நிக்கிற லெவல்ல ஒழுவும். பாறை சந்துல பூந்து வரும். நாங்க பம்ப்ல எறைச்சி மேல தள்ளுவோம். அது திரும்பியும் எறங்கும்" என்றார் மச்சான். கூட்டம் தலையாட்டியது. நியாயம் ஜெயித்தது என்று நினைத்தேன். அப்போது நடு லைன்காரர் ஒருவர் அவரிடம் இரக்கத்தோடு கேட்டார்: "அப்ப நாங்க பொழங்குன தண்ணியெல்லாம் உங்க தலையிலதான் ஊத்துதா, பாவம், சொல்லவே இல்லியே நீங்க?"

வாய்க்கால்கள்

மழை பிடித்துக்கொண்டது. மேல் லைன் ஆட்கள் தங்கள் வாசலில் அழுக்குத் தண்ணீர் நிற்காமல் இருக்க ஒரு வாய்க்கால் வெட்டினார்கள். அது நடு லைன் வாசலில் முடிந்தது. நடு லைன்காரர்கள் ரோஷப்பட்டு அதைவிட அகலமாக ஒன்று வெட்டினார்கள். அது எங்கள் கிணற்றுக்குப் பத்தடி மேலே வந்து நின்றது. புதர்க்காட்டில் கிடந்ததெல்லாம் நிம்மதியாக நேர்வழியில் வந்து சேர ஆரம்பித்தது.

சின்னப்பண்ணன் இரண்டு லைனிலும் போய்ச் சண்டை போட்டார். சுரங்கத்து மேனேஜர் துரையிடம் சொன்னார், துரை, பார்க்கலாம் என்றார். கடைசியில் அவரே மண்வெட்டி எடுத்தார். கிணற்றைச் சுற்றி வளைத்துத் தண்ணீரைத் திருப்ப வேண்டும். அதற்குச் சரிவு ஒரே பக்கம்தான் இருந்தது. அந்தப் பக்கம் துரையின் பங்களா. "அண்ணே, அது துரை தோட்டம்" என்றேன். வெட்டுவதை நிறுத்தாமல் சொன்னார்: "நான் எங்க அனுப்புறேன், அதுவாப் போவுது."

பங்களாக் குளம்

அன்றைக்குத்தான் மழையில் அவரைக் கடைசியாகப் பார்த்தது. பகல் முழுக்க வெட்டினார். தாகம் எடுத்தபோதெல்லாம் அந்தக் கிணற்றிலேயே மொண்டு குடித்தார். அடுத்த நாள் காலையில் வாந்திபேதி. நான் போவதற்குள் முடிந்துவிட்டது.

அவர் வெட்டிய வாய்க்கால் மட்டும் நிலைத்தது. கிணற்றை விட்டு விலகி, மூன்று லைனின் அழுக்கையும் கொண்டுபோய்த் துரையின் அல்லிக் குளத்தில் விட்டது. பல மாதம் நாங்கள் சொல்லிப் புரியாததைத் துரையம்மாவின் மூக்கு ஒரே பொழுதில் புரியவைத்தது. அந்த வாரமே ஆட்கள் வந்தார்கள். புதர்க்காட்டுக்குக் கீழே, மேல் லைனுக்கும் மேலே, குறுக்காகக் கல் வாய்க்கால் கட்டினார்கள். ஒதுங்குவதற்கு எல்லா லைனுக்கும் கீழே மறைப்புக் கட்டினார்கள். அந்த மழைக்காலத்தில் கீழ் லைனில் அப்புறம் யாரும் சாகவில்லை.

சின்னப்பண்ணனின் மனைவி கல் வாய்க்காலைப் பார்க்க வந்தார். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். அழப்போகிறார் என்று நினைத்தேன். "நல்லவேளை, அந்த மனுசன் இதப் பாக்கல. நான்தான் கட்டுனேன்னு சொல்லி லைன்ல ஒருத்தரையும் தூங்க வுட்டிருக்க மாட்டாரு" என்றார்.

கீழ் லைனை இடித்துவிட்டார்கள், கிணற்றையும் தூர்த்துவிட்டார்கள், கல் வாய்க்கால் மட்டும் இருக்கிறது: மேலே பெய்வதையெல்லாம் ஒழுங்காகச் சேர்த்து, அடுத்த ஊர் ஏரியில் கொண்டுபோய் விடுகிறது.